கராத்தே கற்க ஆசையா? முதல் மூன்று மாதம் இப்படிப் பழகுங்கள்!

சினிமாவில் கதாநாயகன் ஒரே குத்தில் ஒன்பது பேரைச் சாய்க்கிறான். படம் பார்த்துவிட்டு வெளியே வரும் வாலிபனுக்குக் கை துறுதுறுக்கிறது. மறுநாளே கராத்தே வகுப்பில் பணம் கட்டுகிறான். வெள்ளை உடுப்பு வாங்குகிறான். முதல் வாரம் உற்சாகம். இரண்டாவது வாரம் உடம்பு வலி. மூன்றாவது வாரம் முழங்கால் வீங்கிவிடுகிறது. கட்டிய பணமும் போயிற்று, கராத்தே ஆசையும் போயிற்று!

பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவர்களுக்கு இது சின்ன நஷ்டம் அல்ல. மும்பையிலோ, பெங்களூரிலோ, டெல்லியிலோ பட்டறையில் நின்று வேலை செய்கிறவருக்கு முழங்கால்தான் மூலதனம். ஆபீசில் கணக்கு எழுதுகிறவருக்கு விரலும் மணிக்கட்டும்தான் சோறு போடுகின்றன. அது பிசகினால் பத்து நாள் சம்பளம் வெட்டு. அந்த மாதம் ஊருக்கு அனுப்பும் பணத்தில் துண்டு விழும்.

கராத்தே இதற்குக் காரணம் அல்ல. தயார் செய்யாத உடம்போடு அதில் இறங்குவதுதான் காரணம். பலம், வேகம் இரண்டையும் படிப்படியாக ஏற்றிக்கொண்டால் இருபது வயதுக்காரரும் பழகலாம், நாற்பது வயதுக்காரரும் பழகலாம். பெண்களுக்கும் இதே முறைதான். ஜிம்முக்குப் போகப் பணம் வேண்டாம். பத்தடி அறையும், தினம் முக்கால் மணி நேரமும் போதும்.

எப்படி என்று பார்ப்போம்.

காலிக் கை

கராத்தே பிறந்த இடம் ஒகினாவா. இன்றைக்கு ஜப்பானைச் சேர்ந்த தீவு. முன்பு ரியூக்யூ என்ற தனி அரசாக இருந்தது. 1879இல் ஜப்பான் அதைத் தன் மாகாணமாக ஆக்கிக்கொண்டது. சீனாவோடு வியாபாரத் தொடர்பு உள்ள தீவு என்பதால், உள்ளூர் அடிமுறையும் சீனத்து அடிமுறையும் அங்கே கலந்தன.

‘காரா’ என்றால் காலி. ‘தே’ என்றால் கை. ஆயுதம் இல்லாத வெறுங்கை என்பது பொருள். முன்பு இதே உச்சரிப்பில் ‘சீனக் கை’ என்ற பொருள் தரும் எழுத்தைப் போட்டு எழுதினார்கள். 1936இல் ஒகினாவாவின் நாஹா நகரில் ஆசான்கள் கூடிப் பேசி ‘வெறுங்கை’ என்ற எழுத்தை ஏற்றுக்கொண்டார்கள்.

இந்தக் கலையைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்தவர் இதோசு அங்கோ என்ற ஆசான். 1900களின் தொடக்கத்தில் ஒகினாவாப் பள்ளிகளில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்தார். அவருடைய மாணவர் ஃபுனகோஷி கிச்சின் 1922இல் டோக்கியோவுக்குப் போய்ச் செய்து காட்டினார். அங்கிருந்துதான் உலகம் முழுவதும் பரவியது. ஃபுனகோஷியும் நம்மைப்போல் மாதச் சம்பளக்காரர்தான். பள்ளிக்கூட வாத்தியார்!

காஞ்சிபுரத்துப் போதிதர்மர் சீனாவுக்குப் போய்ச் சண்டைக் கலையைக் கற்பித்தார், அதுவே கராத்தேக்கு மூலம் என்று நம்மவர்கள் பெருமையாகச் சொல்வதுண்டு. கதை நன்றாக இருக்கிறது. ஆனால் சரித்திர ஆதாரம் அதற்கு இல்லை. நமக்குப் பெருமை சேர்க்க வேறு விஷயங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றைக் கீழே பார்க்கலாம்.

கல்லும் ஜாடியும்

ஒகினாவா ஆசான்களிடம் நவீனக் கருவி எதுவும் இல்லை. கல்லும் மரமும் மண் ஜாடியுமே அவர்களுடைய உடற்பயிற்சிச் சாலை.

‘சி-இஷி’ என்று ஒரு கருவி. மரக் கைப்பிடியின் ஒரு முனையில் கனமான கல். பிடியின் மறு முனையைப் பிடித்துத் தலையைச் சுற்றியும் பக்கவாட்டிலும் மெதுவாகச் சுற்ற வேண்டும். மணிக்கட்டு, முன்னங்கை, தோள் மூன்றுக்கும் ஒரே வேலையில் பலம். படித்ததும் நமக்கு என்ன ஞாபகம் வருகிறது? கர்லாக்கட்டை! நம் ஊர்த் தேகப்பயிற்சிச் சாலைகளில் தாத்தா காலத்திலிருந்து சுற்றும் அதே கர்லாக்கட்டைதான் இதற்கு நெருங்கிய சொந்தம். வடக்கே மல்யுத்த அகாடாக்களில் சுற்றுகிற ‘முத்கர்’ இன்னொரு சொந்தம்.

‘நிகிரி-காமே’ என்பது வாய் அகன்ற மண் ஜாடி. கைக்கு ஒன்றாக, விளிம்பை விரல்களால் கவ்விப் பிடித்துத் தூக்கியபடி அடிமேல் அடி வைத்து நடக்க வேண்டும். முதலில் காலி ஜாடி. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மணல் சேர்ப்பார்கள். பூட்டு வடிவக் கல் ஒன்று உண்டு, அது ‘இஷி-சாஷி’. குத்துப் பழகத் தரையில் நட்ட பலகை ‘மகிவாரா’. கோஜு-ரியூ பாணியை உருவாக்கிய மியாகி சோஜுன் 1934இல் ஹவாய்த் தீவுக்குப் போனபோது, அங்கே கண்ட நீள்வட்ட இரும்பு வளையத்தையும் தம் பயிற்சியில் சேர்த்துக்கொண்டார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது கல்லை அல்ல, முறையை. உடம்பைப் பதப்படுத்தும் பயிற்சி முதலில். துணைப் பயிற்சி அடுத்து. அடி, உதை, ‘காட்டா’ என்ற வரிசைப் பயிற்சி எல்லாம் அதனோடு சேர்ந்து வரும். ஒரே நாளில் ஜாடி நிறைய மணலைக் கொட்டித் தூக்கச் சொன்ன ஆசான் யாரும் இல்லை. ஒரு கைப்பிடி, இன்னொரு கைப்பிடி என்றுதான் சேர்த்தார்கள்.

பலமா, வேகமா?

ஆரம்பக்காரர் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. கேரம் பலகையை நினைத்துப் பாருங்கள். அதே ஸ்டிரைக்கர்தான். மெல்லத் தட்டினால் காய் அசைகிறது. வேகமாகச் சுண்டினால் காய் பறக்கிறது. எடை மாறவில்லை, வேகம் மட்டும் மாறியது.

பள்ளியில் படித்த பௌதிகம் இதைக் கணக்காகச் சொல்கிறது. மோதும் பொருளின் எடை இரண்டு மடங்கானால் அதன் சக்தி இரண்டு மடங்கு. வேகம் இரண்டு மடங்கானால் சக்தி நான்கு மடங்கு! ஒல்லியான ஆளும் கராத்தேயில் பிரகாசிப்பது இதனால்தான்.

அப்படியானால் பலம் வேண்டாமா? வேண்டும். வண்டி வேகமாகப் போக என்ஜினில் இழுவை வேண்டும். நின்ற இடத்திலிருந்து காலைப் படாரென்று கிளப்புவதற்குத் தொடையிலும் இடுப்பிலும் பலம் இருந்தாக வேண்டும். கிளப்பிய காலை நிறுத்தி, தடுமாறாமல் திரும்ப வைப்பதற்கும் பலம் வேண்டும். பலம் அஸ்திவாரம், வேகம் கட்டடம்.

1979இல் அமெரிக்க விஞ்ஞானிகள் மூவர் கராத்தே வீரர்களின் அடியை அதிவேகக் காமிராவில் படம் பிடித்து அளந்தார்கள். நேர் குத்தின் வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 6 முதல் 10 மீட்டர். முன்னுதையின் வேகம் ஏறக்குறைய 10 முதல் 14 மீட்டர். பத்து மீட்டர் என்றால் மணிக்கு 36 கிலோமீட்டர். நகர பஸ்ஸின் வேகம்! இன்னொன்றும் தெரிந்தது. கை முழுதும் நீண்டுவிட்ட பிறகு வேகம் இல்லை. ஏறக்குறைய முக்கால் பங்கு நீண்டிருக்கும்போதுதான் உச்ச வேகம். தேர்ந்தவர்கள் எதிரில் உள்ள பொருளின் மேற்பரப்பைக் குறிவைப்பதில்லை. அதற்குச் சற்று உள்ளே ஓர் இடத்தைக் குறிவைக்கிறார்கள். அப்போது உச்ச வேகத்தில் கை பொருளைத் தொடுகிறது.

மூளையும் பழக வேண்டும்

2012இல் லண்டனில் ஓர் ஆராய்ச்சி வெளியானது. கறுப்புப் பட்டை பெற்றவர்கள் 12 பேர். அதே வயதுள்ள, உடற்பயிற்சி செய்கிற, ஆனால் கராத்தே தெரியாதவர்கள் 12 பேர். எல்லோரும் வெறும் 5 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து குத்த வேண்டும். கறுப்புப் பட்டைக்காரர்களின் குத்து அதிக வலுவாக இருந்தது. ஏன்?

அவர்களுடைய தோளும் மணிக்கட்டும் உச்ச வேகத்தை எட்டும் நேரம் ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. வலுவின் ரகசியம் அந்தப் பொருத்தம்தான். மூளையைப் படம் எடுத்துப் பார்த்தபோது, அசைவுகளை ஒழுங்கு செய்யும் பகுதியிலும் வித்தியாசம் தெரிந்தது. எத்தனை வருஷம் பழகினார்களோ அதற்குத் தக்கபடி வித்தியாசம்.

ஆரம்பக்காரருக்கு இதில் நல்ல செய்தி உண்டு. முதல் ஐந்தாறு வாரத்தில் பலம் கூடுவது பெரும்பாலும் தசை பெருத்ததால் அல்ல. மூளையும் நரம்பும் தசையைச் சரியாக வேலை வாங்கக் கற்றுக்கொள்வதால்தான். ஆகவே கண்ணாடியில் புஜம் பெருக்கவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கிறது.

அதே காரணத்தால் தப்பாகப் பழகினால் தப்பும் பதிந்துவிடும். களைத்த உடம்போடு நூறு குத்து விடுவதைவிட, புது உடம்போடு சுத்தமாக இருபது குத்து விடுவது மேல்.

முதல் நாள் சோதனை

பயிற்சி தொடங்குமுன் உங்கள் நிலைமையைக் குறித்து வையுங்கள். ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு சாக்கட்டி, ஆபீஸ் மேஜையில் இருக்கும் ஒரு ஸ்கேல் போதும்.

ஒன்று: உடம்பு நேராக இருக்க எத்தனை தண்டால் எடுக்க முடிகிறது? இடுப்பு தொய்ந்தவுடன் எண்ணிக்கையை நிறுத்துங்கள்.

இரண்டு: ஒற்றைக் காலில் எத்தனை வினாடி ஆடாமல் நிற்க முடிகிறது? இரண்டு காலுக்கும் தனித்தனியாகப் பாருங்கள்.

மூன்று: நின்ற இடத்திலிருந்து இரண்டு காலாலும் முன்னே தாவுங்கள். குதிகால் விழுந்த இடத்தில் கோடு போட்டு அளந்துகொள்ளுங்கள்.

நான்கு: நண்பர் ஸ்கேலைச் செங்குத்தாகப் பிடித்திருக்கட்டும். கீழ் முனையில், தொடாமல், உங்கள் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும். அவர் சொல்லாமல் விடுவார். நீங்கள் பிடிக்க வேண்டும். 20 சென்டிமீட்டரில் பிடித்தால் உங்கள் கை அசைய எடுத்த நேரம் ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு. 15 சென்டிமீட்டரில் பிடித்தால் இன்னும் வேகம். ஐந்து தடவை செய்து சராசரி எடுங்கள்.

நான்கு வாரத்துக்கு ஒரு முறை இதையே திரும்பச் செய்யுங்கள். அடுத்தவரோடு ஒப்பிட வேண்டாம். உங்கள் பழைய கணக்கோடு ஒப்பிடுங்கள்.

முக்கால் மணிக் கணக்கு

வாரத்தில் மூன்று நாள் போதும். திங்கள், புதன், வெள்ளி என்று ஒரு நாள் விட்டு ஒரு நாள். பலப் பயிற்சி செய்த தசை மறுபடி தயாராக ஏறக்குறைய இரண்டு நாள் வேண்டும். கராத்தே வகுப்பு உள்ள நாளில் பலப் பயிற்சியைப் பாதியாகக் குறையுங்கள்.

வரிசை மிக முக்கியம். உடம்பைச் சூடேற்றுவது, வேகம், பலம், தளர்த்துவது என்ற இதே வரிசையில் செய்யுங்கள். பலப் பயிற்சி செய்து களைத்த பிறகு வேகம் பழகினால், உடம்பு மெதுவாக அசையத்தான் கற்றுக்கொள்ளும்.

முதல் எட்டு நிமிஷம் சூடேற்றுங்கள். நின்ற இடத்திலேயே மெதுவான ஓட்டம். தோள், இடுப்பு, முழங்கால், கணுக்கால் சுழற்சி. சுவரைப் பிடித்துக்கொண்டு காலை முன்னும் பின்னும் ஊஞ்சல்போல வீசுதல். நெற்றியில் லேசாக வேர்வை துளிர்க்க வேண்டும். தசையை இழுத்துப் பிடித்து ஒரு நிமிஷத்துக்கு மேல் நிற்கும் பயிற்சிகளை இப்போது செய்யாதீர்கள். அவை தசையின் வேகத்தைத் தற்காலிகமாகக் குறைக்கும். கடைசியில் செய்யலாம்.

வேகத்துக்குப் பத்து நிமிஷம்

நேர் குத்து: ஐந்து குத்து, முழு வேகத்தில், ஒவ்வொன்றாக. பிறகு ஒரு நிமிஷம் ஓய்வு. இப்படி நான்கு சுற்று. ‘ஓய்வு எதற்கு, எனக்குக் களைப்பே இல்லையே’ என்று கேட்காதீர்கள். முழு வேகத்துக்கு நரம்பு புதிதாக இருக்க வேண்டும். ஆகவே ஓய்வும் பயிற்சியில் ஒரு பகுதிதான்.

குத்து கையிலிருந்து தொடங்குவதில்லை. பின் காலின் பாதம் தரையைத் தள்ளுகிறது. இடுப்பு திரும்புகிறது. தோள் வருகிறது. முழங்கை நீள்கிறது. கடைசியில் முஷ்டி. சாட்டை வீசும்போது அடியிலிருந்து நுனிக்கு வேகம் ஓடுகிற மாதிரி. கை போகும் வழியெல்லாம் தளர்ந்திருக்க வேண்டும். தொடும் கணத்தில் மட்டும் இறுக்கம். ஜப்பானியர் இதைக் ‘கிமே’ என்பார்கள். முதலிலேயே புஜத்தை முறுக்கிக்கொண்டு குத்துவது, பிரேக்கை அழுத்திக்கொண்டே வண்டி ஓட்டுவது போல!

காற்றில் குத்தும்போது முழங்கையைப் படாரென்று கடைசிவரை நீட்டாதீர்கள். மூட்டில் அடி விழும். ஒரு நூல் மடங்கியே இருக்கட்டும். முஷ்டியில் ஆள்காட்டி விரல், நடுவிரல் முட்டிகள் முன்னே. கட்டை விரல் வெளியே. மணிக்கட்டு நேராக.

முன்னுதை: காலுக்கு ஐந்து, மூன்று சுற்று. முழங்கால் முதலில் உயர வேண்டும். பிறகுதான் பாதம் போக வேண்டும். போன வேகத்திலேயே திரும்பி வரவும் வேண்டும். உயரம் வேண்டாம். எதிராளியின் இடுப்பளவு போதும். ஊன்றிய காலின் குதிகால் தரையைவிட்டு எழாமல் பாருங்கள்.

அறைத் தோழர் இருந்தால் இன்னொரு பயிற்சி. அவர் ஒரு துண்டைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கட்டும். துண்டு அசைந்தவுடன் குத்த வேண்டும். அசையாமல் குத்தக் கூடாது. கண்ணும் கையும் சேர்ந்து பழகும்.

பலத்துக்குப் பதினைந்து நிமிஷம்

தண்டால்: எட்டு வீதம் மூன்று சுற்று. தரையில் முடியாதவர் கட்டில் விளிம்பில் கை ஊன்றிச் செய்யலாம். அதுவும் முடியாதவர் சுவரில் தொடங்கலாம். வெட்கம் ஒன்றும் இல்லை.

பஸ்கி: பத்து வீதம் மூன்று சுற்று. குதிகால் தரையில். முழங்கால், பாதம் பார்க்கும் திசையிலேயே போக வேண்டும், உள்ளே மடங்கக் கூடாது. மூன்று எண்ணும்வரை மெதுவாக இறங்கி, ஒரே எண்ணில் எழுங்கள்.

முதுகுக்கு ஒன்று: தோள் பையில் ஐந்து கிலோ அரிசியோ புத்தகமோ வையுங்கள். இடுப்பில் குனிந்து, முதுகு பலகைபோல இருக்க, பையை விலாப் பக்கம் இழுங்கள். கைக்குப் பத்து. குத்தை நீட்டுவதற்கு நெஞ்சுத் தசை. திரும்ப இழுப்பதற்கு முதுகுத் தசை. நாளெல்லாம் நாற்காலியில் குனிந்திருக்கும் குமாஸ்தாக்கள் இதை விடவே கூடாது.

வயிற்றுக்கு ஒன்று: முழங்கைகளையும் கால் விரல்களையும் ஊன்றி, உடம்பைப் பாலம்போல நிறுத்துங்கள். இருபது வினாடி, மூன்று தடவை. மூச்சை அடக்காதீர்கள்.

பிடிக்கு ஒன்று: ஒகினாவா ஜாடிக்குப் பதில் நம் வீட்டு வாளி இரண்டு. பாதியளவு தண்ணீர் ஊற்றிக் கைக்கு ஒன்றாகத் தூக்கி, நிமிர்ந்து இருபது எட்டு நடங்கள். குழாயடியிலிருந்து தினம் தண்ணீர் சுமக்கிறவர்களுக்கு இந்தப் பயிற்சி ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது!

கடைசி ஐந்து நிமிஷம் தொடை, இடுப்பு, தோள் தசைகளை மெதுவாக நீட்டி, மூச்சைச் சீராக்கி முடியுங்கள்.

இரண்டாம் மாதம், மூன்றாம் மாதம்

முதல் மாதம் எல்லாம் சுத்தமாக வந்தால் இரண்டாம் மாதம் தண்டாலைப் பன்னிரண்டாக்குங்கள், பஸ்கியைப் பதினைந்தாக்குங்கள். ஒரு காலை முன்னே வைத்து மற்றக் காலின் முழங்கால் தரையைத் தொடும் அளவு இறங்கி எழும் பயிற்சியைச் சேருங்கள். காலுக்கு எட்டு. கராத்தேயில் பாதி நேரம் ஒற்றைக் காலில்தான் வேலை.

கர்லாக்கட்டை கிடைத்தால் சுற்றலாம். கிடைக்காவிட்டால் சிறு டப்பாவில் சிமெண்டு குழைத்து ஊற்றி, நடுவில் உறுதியான கட்டையை நட்டு, நன்றாக இறுகவிட்டால் சி-இஷி தயார். இரண்டு கிலோவுக்கு மேல் வேண்டாம். கட்டை ஆடுகிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். பக்கத்தில் ஆள் நிற்கக் கூடாது.

மூன்றாம் மாதம் தாவல். நின்ற இடத்தில் உயரத் தாவிப் பூனைபோலச் சத்தமில்லாமல் இறங்க வேண்டும். ஐந்து தாவல், ஒரு நிமிஷம் ஓய்வு, மூன்று சுற்று. சத்தம் வந்தால் அதிர்ச்சியை மூட்டு வாங்குகிறது என்று அர்த்தம். இதை மைதானத்து மண்ணில் செய்யுங்கள். மாடி அறையில் செய்தால் கீழ் வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார், அப்போது கராத்தே தேவைப்படும்!

செய்யக் கூடாதவை

இரும்புக் குண்டைக் கையில் பிடித்துக்கொண்டு வேகமாகக் குத்தாதீர்கள். குண்டின் எடை கையைக் கீழே இழுக்கிறது. குத்து போக வேண்டியதோ முன்னே. தோள் மூட்டு கெடும், குத்தும் கெடும். கணுக்காலில் மணல் பட்டை கட்டிக்கொண்டு வேகமாக உதைப்பதும் அப்படியே. முழங்காலுக்குக் கேடு.

சுவரிலும் மரத்திலும் குத்தி முட்டியைத் தடிக்கவிடாதீர்கள். மகிவாராவில் பலகை வளைந்து கொடுக்கும். சுவர் வளையாது. எலும்பு வளர்ச்சி முடியாத சிறுவர்கள் இந்த விளையாட்டுக்கே போகக் கூடாது. ஓடு உடைப்பது மேடைக் காட்சி. ஆரம்பக்காரருக்கு அதில் வேலை இல்லை.

உட்கார்ந்தபடியே வாத்துபோல நடக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். முழங்காலை அது படாதபாடு படுத்தும்.

‘புது ஆள்தானே, முந்நூறு பஸ்கி போடு’ என்று சொல்லும் இடமும் உண்டு. இது விளையாட்டல்ல. பழக்கமில்லாத உடம்பு ஒரேயடியாக அத்தனை வேலை செய்தால் தசை சிதைந்து, அதன் கழிவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கக்கூடும். கடும் பயிற்சிக்கு மறுநாளோ அதற்கடுத்த நாளோ சிறுநீர் கறுத்த டீ நிறத்தில் போனால், வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எல்லோருக்கும் தெரிந்த புரூஸ் லீயின் கதையைக் கேளுங்கள். அவருடைய கலை கராத்தே அல்ல. சீனத்துக் குங்ஃபூவிலிருந்து அவரே உருவாக்கிய ஜீத் குனே தோ. ஆனால் பாடம் பொது. 1970இல் உடம்பைச் சரியாகச் சூடேற்றாமல், தோளில் ஏறக்குறைய 60 கிலோ எடையை வைத்துக்கொண்டு இடுப்பை வளைத்து நிமிரும் பயிற்சியைச் செய்தார். முதுகு நரம்பு பாதித்தது. மாதக் கணக்கில் படுக்கை. அவர் மீண்டு வந்தார். ஆனாலும் முதுகு வலி அவரை விடவில்லை. அவ்வளவு பெரிய வீரருக்கே அந்தக் கதி!

தசை வலியும் மூட்டு வலியும் ஒன்றல்ல. பயிற்சி செய்த மறுநாள் தொடையில் மந்தமான வலி வந்தால் இரண்டு மூன்று நாளில் போய்விடும். மூட்டில் சுருக்கென்று குத்தினால், வீங்கினால், அன்றே நிறுத்துங்கள். ரத்தக் கொதிப்பு, இதய நோய், குடலிறக்கம், பழைய முதுகு வலி உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான் தொடங்க வேண்டும். உடம்பை முறுக்கி, மூச்சை அழுத்திச் செய்யும் ‘சான்சின்’ போன்ற பயிற்சிகள் ரத்தக் கொதிப்பை ஏற்றக்கூடியவை.

சாப்பாடும் தூக்கமும்

மெஸ் சாப்பாட்டில் சோறு நிறைய இருக்கும், புரதம் குறைவாக இருக்கும். அதைக் கொஞ்சம் சரிசெய்தால் போதும். பலப் பயிற்சி செய்பவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை புரதம் வேண்டும். அறுபது கிலோ ஆளுக்கு ஏறக்குறைய 75 முதல் 95 கிராம்.

விலை கூடிய மாவு டப்பா தேவையில்லை. நூறு கிராம் வேர்க்கடலையில் ஏறக்குறைய 25 கிராம் புரதம். ஒரு முட்டையில் ஆறு கிராம். நூறு கிராம் உலர்ந்த கொண்டைக்கடலையில் ஏறக்குறைய 20 கிராம். இரவு ஊறப்போட்டுக் காலையில் சுண்டல் செய்தால் அறைக்கே ஆகும். பருப்பு, தயிர், மீன் எல்லாம் நல்லவை.

சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தே பயிற்சி. வெயிலுக்கு முன் காலை நேரம் உத்தமம். தண்ணீர் குடிப்பதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

நைட் ஷிப்டு பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். தசை வளர்வதும் மூளையில் பயிற்சி பதிவதும் தூக்கத்தில்தான். ஷிப்டு முடித்து நேராக வந்து முழு வேகத்தில் உதைக்காதீர்கள். தூங்கி எழுந்து, சாப்பிட்டு, அதன் பிறகு பழகுங்கள். தூக்கம் கெட்ட நாளில் சூடேற்றும் பகுதியையும், மெதுவான காட்டாவையும் மட்டும் செய்தால் போதும்.

ஆசானைத் தேர்ந்தெடுப்பது

பணம் கட்டுமுன் ஒரு நாள் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். புது ஆளை எப்படி நடத்துகிறார்? பழைய காயம், நோய் பற்றிக் கேட்கிறாரா? குத்து தப்பாக இருந்தால் நின்று திருத்துகிறாரா? ஆறு மாதத்தில் கறுப்புப் பட்டை தருகிறேன் என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஒழுங்காகப் பழகினாலே பொதுவாக மூன்று நான்கு வருஷமாவது ஆகும். இடையில் ஒவ்வொரு பட்டைக்கும் எவ்வளவு கட்டணம் என்பதையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

‘எனக்கு வயதாகிவிட்டது’ என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு செய்தி. டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் கராத்தே முதன்முதலாக இடம்பெற்றது. 2021 ஆகஸ்டில் நடந்த அந்தப் போட்டியில் பெண்கள் காட்டாப் பிரிவில் தங்கம் வென்றவர் ஸ்பெயின் நாட்டு சாண்ட்ரா சான்செஸ். அப்போது அவருக்கு வயது 39! ஆண்கள் பிரிவில் தங்கம் வென்ற கியூனா ரியோ, கராத்தே பிறந்த ஒகினாவாக்காரர். அடுத்த 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கராத்தே இடம்பெறவில்லை. அதனால் என்ன? பதக்கத்துக்காகவா நாம் பழகுகிறோம்?

மொழி தெரியாத ஊரில், கடைசி ரயிலில் இறங்கி, இருட்டுச் சந்தில் தனியாக நடக்கும்போது நெஞ்சில் ஒரு தைரியம் வேண்டும். அதற்காகப் பழகுகிறோம். அந்தத் தைரியத்தை வம்புக்கு விலை பேசக் கூடாது. எதிரில் கத்தி தெரிந்தால் பர்ஸைக் கொடுத்துவிட்டு ஓடுவதே புத்திசாலித்தனம். மூன்று மாதம் பழகிய கால்கள் அப்போதும் கைகொடுக்கும். பர்ஸை மறுபடி சம்பாதிக்கலாம். ஊரில் காத்திருப்பவர்களுக்கு நீங்கள் முழுசாகப் போய்ச் சேர வேண்டும்.

நோட்டுப் புத்தகத்தில் இன்றைய தேதியைப் போடுங்கள். சுவரில் கை ஊன்றி எட்டுத் தண்டால். அங்கிருந்து தொடங்கலாம்.